பீலித் தண்ணீர்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவும், கெம்பஸில் படிக்கிற அவள் தம்பியும் இருந்தார்கள்.

"மலையிலருந்து குழாயில விழுற நம்ம பீலித் தண்ணிய டவுன் சாக்கடைன்னு சொல்லிட்டேன்க்கா" என்று அவன் சொன்னதும்தான் காதைக் கொடுத்தேன்.

"நம்ம லயத்துல எல்லா வீடும் குடிக்கிற தண்ணிடா அது!"

"இரும்பு கொஞ்சம் போட்டு கரண்ட் விட்டா, அழுக்குத் தண்ணியில இருக்கிற விஷமெல்லாம் ஒடைஞ்சு போயிரும். அதான் எங்க பரிசோதனை. ஒப்பிட்டுப் பாக்க நல்ல தண்ணி கேட்டாங்க. எங்க மலைத் தண்ணி இருக்குன்னு பெருமையா ஒரு போத்தல் கொண்டு போனேன். சோதிச்சா, அதுலயே தேயிலைக்குள்ள புல்லு சாக அடிக்கிற மருந்து இருக்கு. எங்க எடுத்தேன்னு படிப்பிக்கிற சேர் கேட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. இதைத்தான் குடிக்கிறோம்னு சொல்ல வாய் வரல. போத்தல் மாறிப் போச்சு, இது டவுன் சாக்கடைன்னுட்டேன்."

"பொறகு?"

"அதுலயும் கரண்ட் விட்டோம். மருந்து போயிருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"உண்மையச் சொல்லியிருந்தா பீலியப் பாக்க ஆள் வந்திருப்பாங்களா?"

"சேரே வந்திருப்பாரு."

தம்பிக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் அவள் மடியில் இருந்தது. அவன் எடுக்கப் போனான். அவள் கொடுக்கவில்லை.

"காலையில என் பாப்பாவுக்கும் இந்தப் பீலித் தண்ணியத்தான்டா ஊத்திக் குடுத்து பள்ளிக்கூடம் அனுப்புனேன்."