ரேணுகாம்பாள் அழிக்க மறுத்த பெட்டி

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் திரு. சரவணகுமார் அவர்களே, வேங்கிக்கால் கடை வரிசைத் தட்டச்சர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் முன்னதாக, தாயைப் பறிகொடுத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகள் மதிவதனி அவர்களே! உங்கள் முகம் பார்க்கக் கூசி நிற்கும் இந்தச் சங்கத்தின் செயலாளர், நீங்கள் நயினார் என்று கூப்பிடும் அனந்தநாதனின் வணக்கம்.

எனக்குப் பின்னால் பேனர் கட்டியிருக்கிறோம். அதில் அம்மையார் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே ‘தட்டச்சுத் தாரகை ரேணுகாம்பாள்’ என்று போட்டிருக்கிறோம். நான் கேட்கிறேன், இந்தப் பட்டம் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் எங்கே இருந்தது? அவர் உயிரோடு இருந்தபோது நம் வரிசையில் அவருக்கு இருந்த பட்டம் என்ன? ‘வம்பு புடிச்சவ.’ அதுதானே? அதைப் பேனரில் போடவில்லையே, ஏன்?

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மனு தட்டச்சு செய்கிறவர்கள். அதில் ஒரு வேலை வம்சாவளிப் படம் போடுவது. மேலே இறந்தவர் பெயர் ஒரு பெட்டியில். கீழே மனைவி, பிள்ளைகள், ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கோடு. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் அந்தத் தாளில் பெட்டி இருப்பவர்தான் வாரிசு என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க முடியும். பெட்டி இல்லாதவர் தான் பிறந்ததற்கே சாட்சி தேடிக்கொண்டு அலைய வேண்டும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், அம்மையார் எங்கள் வரிசைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜோதியம்மாள் என்று ஒரு கைம்பெண்ணுக்கு, அவர் மாமனார் காலத்திலிருந்து நான் வம்சாவளி போட்டுக் கொடுத்தேன். கடைசி நிமிடத்தில் அந்தம்மா, “இன்னொரு பையன் பேரு வுட்டுப்போச்சுங்க” என்றார். நடுவில் ஒரு பெட்டியைச் செருகினேன். பெட்டிகள் நகர்ந்தன. கோடுகள் நகரவில்லை. நான் கவனிக்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளின்படி ஜோதியம்மாளின் மூத்த மகன் அவருடைய கொழுந்தனுக்குப் பிறந்தவன்! ஊரே சிரித்தது. அந்தம்மா என் கடை வாசலில் வந்து அழுதுகொண்டு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கம்ப்யூட்டர் தப்பும்மா.”

அப்போது பக்கத்துக் கடையிலிருந்து எழுந்து வந்தவர் ரேணுகாம்பாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். “நயினாரண்ணா, கோச்சிக்காதீங்க. வேர்டுல மொதல்ல கேன்வாஸ்னு ஒரு பெரிய கட்டம் போட்டுட்டு, அதுக்குள்ள பெட்டி போடுங்க. அப்பதான் கோடு பெட்டியோட ஓரத்துல ஒட்டிக்கும். வெளிய போட்டா சும்மா மேல கெடக்கும், அவ்ளோதான்” என்றார். சொல்லிவிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜோதியம்மாளின் குடும்பத்தை முதலிலிருந்து போட்டார். போட்டு முடித்து, மூத்த மகனின் பெட்டியை மவுஸால் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். கோடு மடங்கி மடங்கிக் கூடவே போனது. இடப்பக்கம் இழுத்தார். கூடவே வந்தது. ஜோதியம்மாள் திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே மாறாதுல்ல?” என்று கேட்டார். “மாறாதுங்கம்மா” என்றார் ரேணுகாம்பாள்.

அந்த வாரமே படிப்படியாக எழுதி, பொத்தான்களின் படத்தோடு ஒரு தாள் அச்சடித்து, பன்னிரண்டு கடைகளின் சுவரிலும் அவரே ஒட்டினார். தொழிலில் போட்டிக்கு நிற்பவர்களுக்கு யாராவது தன் வித்தையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்களா? அவர் போனார்!

எவ்வளவு சுத்தமான வேலை அது! எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. இடைவெளி ஒரே அளவு. கோடு பெட்டியின் நட்டநடுவில் போய் இறங்கும். நாங்களெல்லாம் கட்டிக்கொடுத்த பெண்களுக்குச் சின்னப் பெட்டி போடுவோம். சிலர் புள்ளிக்கோடு போடுவோம். அவர் போட மாட்டார். ஒருநாள் என் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணா, கல்யாணம் ஆயிட்டா கோடு புள்ளியாயிடுமா?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது இந்த மேடைக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆதிமூலம் என்றொரு பெரியவர் அம்மையார் கடைக்கு வந்தார். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். நிலத்தைப் பிரிப்பதற்கு முன் குடும்பத்தைக் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றார். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

“மூணு பசங்கம்மா. பெரியவ பொண்ணு, சந்திரம்மாள். அவ பேர மொதல்ல போடு.”

“எங்கங்க இருக்காங்க?”

“செய்யாறு பக்கம். வேற சாதியில கட்டிகினு போய் முப்பது வருசம் ஆச்சு. பசங்க அவகூடப் பேசறதில்ல. நானுந்தான் பேசல.” நாற்காலியை மேஜைப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அதுக்கோசரம் பொறக்காம போயிட்டாளா? போடு” என்றார்.

மூன்று பெட்டி, மூன்று கோடு. அடியில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். அம்மையார் அந்தத் தாளை ஸ்கேன் எடுத்து, ஊர் பெயர் போட்ட கோப்பில் சேர்த்துவைத்தார். பிரிவினை நடக்கவில்லை. மூன்று வருடத்தில் ஆதிமூலம் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுமாதம் மூத்த மகன் தசரதன் வந்தான். வாரிசு மனுவுக்குப் படம் வேண்டும். அம்மையார் பழைய கோப்பைத் திறந்து காட்டினார்: “ஏற்கனவே போட்டது இருக்குதுங்க. அப்பாவுக்கு மட்டும் இறந்த தேதி சேர்த்துட்டாப் போதும்.”

தசரதன் திரையைப் பார்த்தான். “அந்த மொதப் பொட்டிய எடுத்துடும்மா.”

“உங்க அக்காதானுங்களே?”

“எங்களுக்கு அக்கான்னு யாரும் கெடையாது. எடுத்துடு.”

“எடுக்க மாட்டேங்க. உங்க அப்பா இங்க ஒக்காந்து, மொதல்ல போடுன்னு சொல்லிப் போட்ட பேருங்க இது.”

“இன்னாம்மா, தட்டறதுதானே உன் வேல? தட்டு!”

“தட்டறதுதாங்க என் வேல. பொய்யைத் தட்டச் சொல்லாதீங்க. வேற எடம் பாருங்க.”

அவன் வேறு இடம் பார்த்தான். எந்த இடம்? யார் கடை? சொல்லட்டுமா?

என் கடைக்கு வந்தான்.

“உங்களால ஆவுமாய்யா?” என்றான். “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்ட நான், ஒன்றும் தெரியாதவன்போல எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்! “ரெண்டே பேரு” என்றான். பத்து நிமிடம். இரண்டு பெட்டி, இரண்டு கோடு. அம்மையார் சொல்லிக்கொடுத்தபடி கேன்வாஸ் போட்டுத்தான் செய்தேன். கோடுகள் அழகாக ஒட்டிக்கொண்டன.

எறும்பை மிதித்தாலும் பாவம் என்று நினைக்கிற சமண வீட்டில் பிறந்தவன் நான். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, வெறும் தண்ணீரோடு சரி. அப்படிப்பட்டவன் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைப் பத்து நிமிடத்தில் இல்லாமல் ஆக்கினேன். கூலியும் வாங்கிக்கொண்டேன்.

தசரதன் போன பிறகு அம்மையார் என் கடை வாசலில் வந்து நின்றார். “நயினாரண்ணா, நீங்க கேட்டுகினுதானே இருந்தீங்க?” என்றார். “எனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?” என்றேன். தன் கடைக்குத் திரும்பிப் போனார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன்.

அதோடு முடிந்ததா? இல்லை! பழைய கோப்பு அம்மையாரிடம் இருப்பது தசரதனுக்கு உறுத்தியது. அதை அழிக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினான். அவர் அழிக்கவில்லை. உடனே சங்கத்துக்குப் புகார் வந்தது: ‘எங்கள் குடும்ப விவரத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்.’ நாம் கூட்டம் போட்டோம். இதே ஆட்கள்தான். அம்மையார் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “நான் யாரை மிரட்டினேன், என்ன கேட்டு மிரட்டினேன்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.” யாராவது சொன்னோமா? டீ ஆறிப்போகிறது என்றார் ஒருவர். சங்கத்திலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டோம். பன்னிரண்டு கடையில் பதினோரு கையெழுத்து விழுந்தது. முதலில் தலைவர், இரண்டாவது நான். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

சங்கத்தில் இல்லாதவருக்குக் கடை இல்லை என்று மறுமாதமே இடத்தைக் காலி செய்ய வைத்தோம். ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் போனபோது, பதினோரு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிரிவலப் பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளில்கூட கீழ்பென்னாத்தூரிலிருந்து நடந்தும் தொற்றியும் வந்து கடை திறந்த பெண் அவர். அவருக்கு ஒரு கை பிடித்து பிரிண்டரைத் தூக்கிவைக்க நம்மில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டிலேயே வேலை செய்தார். சென்ற ஆண்டு, நிலம் கைமாறப்போகும் செய்தி கேட்டு சந்திரம்மாள் நம் வரிசைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதுப் பெண், வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினார். “எங்கப்பா இங்க வந்து ஏதோ எழுதனாராமே, யாருக்கனா தெரியுங்களா?” என் கடைக்கும் வந்தார். “தெரியாதும்மா” என்றேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெண் கவிநிலாதான் கீழ்பென்னாத்தூர் விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு இருந்த நெஞ்சு நம் சங்கத்தில் ஒருவருக்கும் இல்லை.

அம்மையார் கோப்பைத் திறந்து காட்டினாராம். திரையில் தன் பெயர் முதலில் இருப்பதையும், அதிலிருந்து ஒரு கோடு தன் அப்பா பெயருக்குப் போவதையும் பார்த்த சந்திரம்மாள், அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாராம். முப்பது வருடம் பேசாத அப்பா! மதிவதனி இதை என்னிடம் சொன்னபோது நான் தலையைத் தூக்கவில்லை.

சந்திரம்மாள் வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல அம்மையார் ஒப்புக்கொண்டார். வரும் பதினெட்டாம் தேதி அவர் கோர்ட்டுக்கு வர வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன், காலை ஒன்பதரை மணிக்கு, கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. நாற்பத்தொன்பது வயது. நம்மால்தான் இறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் அப்படி எழுதவில்லை. ஆனால் அவர் நம் வரிசையைவிட்டுப் போன நாளிலிருந்து, “எப்படிம்மா இருக்கே?” என்று நம்மில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

தலைவர் கை காட்டுகிறார். “நயினாரே, எரங்கல் கூட்டத்துல இதெல்லாம் எதுக்கு?” என்கிறார். வேறு எந்தக் கூட்டத்தில் பேசுவது தலைவரே? பேச வேண்டிய கூட்டத்தில்தான் நாம் டீ குடித்துக்கொண்டிருந்தோமே!

‘அம்மையார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்’ என்று ஒரு தீர்மானம் என் கையில் இருக்கிறது. வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பணியை என்று அதில் எழுதவில்லை. நானே சொல்கிறேன்.

நேற்று சந்திரம்மாளின் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பெட்டிப் படத்தைப் போட்டவன் நான், தெரிந்தே போட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்த வக்கீல், “ஐயா, இதச் சொன்னா உங்க மேலயே கேஸ் திரும்பும், யோசிச்சிக்கோங்க” என்றார். மூன்று வருடமாக யோசித்தாகிவிட்டது என்றேன். மதிவதனி தன் தாயின் கம்ப்யூட்டரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். அதில் ஆதிமூலம் கையெழுத்துப் போட்ட தாளின் ஸ்கேன் அப்படியே இருக்கிறது.

மகளே மதிவதனி, உன் தாயிடம் மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்ற ரேணுகாம்பாள் என்னும் அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தை மட்டும் வைக்கிறேன்.

தோழர்களே, பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு நான் கூண்டில் ஏறுகிறேன். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன். அம்மையாரை யார் யார் நீக்கினார்கள் என்று கேட்டால் பெயர் பெயராகச் சொல்வேன். உங்களைக் கூப்பிடவில்லை. வர வேண்டும் என்று தோன்றுகிறவர்கள், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டீர்களே, அதே வரிசையில் வந்து நில்லுங்கள்.