மார்பெலும்புக்குப் பின்னே மறைந்த காறை எலும்பை மீட்ட எங்கள் ‘இரும்மா டாக்டரு’க்கு

அறுவை அரங்கின் அச்சாணியே! அவசரத்துக்கு அடிபணியாத ஆற்றலே! முறிந்த எலும்புகளை முப்பது ஆண்டுகளாக இணைத்தும், முழங்கிய அதிகாரத்துக்கு ஒருபோதும் முதுகு வளையாமலும் நின்ற எலும்பு மருத்துவர் அம்மையீர்! வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழாவுக்கான இம்மடலில் தங்கள் ‘பணிவை’ப் பாராட்டி நாலு வரி சேர்க்கச் சொன்னார் நிர்வாக அதிகாரி. இதோ, மேடையில் தங்களுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். மன்னிக்க வேண்டும், பொய் எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

அலமாரி சரிந்து தோளில் விழுந்த அந்தச் சுமை தூக்கும் தம்பியை மறப்போமா? “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான், கட்டுப் போட்டு அனுப்புங்க” என்றது அவசரப் பிரிவு. அவனோ மல்லாந்து படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்; எச்சில் விழுங்கவும் திணறினான். தாங்கள் அவன் கழுத்தடியில் கட்டைவிரலை வைத்தீர்கள். மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. ஸ்கேன் எடுத்ததும் உண்மை வெளிப்பட்டது: தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனை மூட்டை விட்டு நழுவி, மார்பெலும்புக்குப் பின்னால் போய், மூச்சுக்குழாயையும் பெரிய ரத்தக்குழாயையும் நெருக்கிக்கொண்டிருந்தது. எங்களில் பலர் அதுவரை கண்டிராத காயம் அது!

அரங்கு தயார், கத்தி தயார். தாங்களோ, கத்தியை நீட்டிய செவிலியரிடம், “இரும்மா, நெஞ்சு டாக்டர் வரட்டும்” என்றீர்கள். தங்கள் பட்டப்பெயரே அந்தப் பேச்சினால் வந்ததுதானே!

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் அதிகாரி. “ஒரு தோள்பட்டைக்கு ரெண்டு சர்ஜனா? அடுத்த கேஸெல்லாம் காத்துக் கிடக்குது, ஆரம்பிங்க!”

“அவர் வராம நான் தொட மாட்டேன் சார். பையனுக்கு ஏதாவது ஆனா, அவங்க வீட்டுக்கு நீங்க போய்ச் சொல்வீங்களா?”

நெஞ்சறுவை மருத்துவர் வந்தார். தாங்கள் எலும்பை மெல்லத் தூக்கினீர்கள். அதுவரை எலும்பே அடைத்துக்கொண்டிருந்த கிழிசலிலிருந்து குபீரென்று ரத்தம்! காத்திருந்த அவர் கை அக்கணமே உள்ளே சென்று குழாயைப் பிடித்தது. “கம்பி வேண்டாம், நகர்ந்து நெஞ்சுக்குள்ள போயிடும்” என்று சொல்லி, அவன் காலிலிருந்தே தசைநார் எடுத்து மூட்டை இறுக்கிக் கட்டினீர்கள். அந்தத் தம்பி இன்றும் சுமை தூக்கித்தான் பிழைக்கிறான்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? அரங்கைத் தாமதப்படுத்தியதாக, எல்லார் முன்னிலையிலும் தங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள் நிர்வாகத்தார்! நினைத்தாலே வயிறு எரிகிறது அம்மையீர்! அன்று மேசையைத் தட்டிய கைகள் இன்று கூசாமல் கைதட்டுகின்றன. அதுமட்டுமா? நாளை முதல் இத்தகைய அறுவைக்கு நெஞ்சறுவை மருத்துவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று எங்களிடம் சொல்லியும் விட்டார்கள். தாங்கள் வாசல் தாண்டும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை அவர்களால்!

நோய்நொடி அண்டாமல், நூறாண்டும் நிமிர்ந்த நடையோடு வாழ்க அம்மையீர்! கவலையின்றி ஓய்வெடுங்கள்.

அதிகாரி ஐயா, இது தங்களுக்கு: நெஞ்சறுவை மருத்துவர் கையுறை மாட்டி அருகில் நிற்கும்வரை, அந்த அறுவைக்குக் கத்தி எடுத்துக் கொடுக்க எங்களில் ஒருவரும் இல்லை.

இங்ஙனம்,
மயக்க மருத்துவர்கள், செவிலியர்கள், அரங்க உதவியாளர்கள்,
ஒருவர் விடாமல் அனைவரும்.