சனிக்கிழமை வரிசை கிடையாது

மேடையில் வீற்றிருக்கும் மாகாணத் தலைவர் கசிங்வே அவர்களே, ஊர்த்தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, சமநீதி மக்கள் முன்னணியின் மாவட்ட நிர்வாகிகளே, நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் ஐயாமார்களே, தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே!

தரையில் என்று சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. நமக்கெல்லாம் அம்மாவாக இருந்த எலூபி அமாயியை அடக்கம் செய்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பதே நாள்! அதற்குள் பெண்கள் பாய்க்குப் போய்விட்டார்கள், ஆண்கள் நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். பந்தல்காரரைத் திட்டலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. நாற்காலி கொண்டுவரச் சொன்னவனே நான்தான். நூற்றிருபது என்று எண்ணிக்கை சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. பாருங்கள், முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்துகொள்கிறார்கள். நன்றி ஐயா. மற்றவர்கள் உங்கள் வசதிபோல் யோசியுங்கள்.

மாவட்டச் செயலாளர் வைசன் கம்வெண்டோ இரங்கல் உரை ஆற்றுவார் என்று அறிவித்தார்கள். நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நேற்றுக் காலை வேறொரு தாள் என் கைக்கு வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த நான்கு பக்கத்தையும் மடித்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே முன்பின்னாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலூபி கபலமுலா! நாம்பேரே சந்தையில் உசிபாக் கருவாடு விற்ற எலூபி! நம் கட்சியின் மகளிர் அணியைப் பதினைந்து ஆண்டுகள் கட்டி இழுத்த எலூபி! அவரை நான் முதன்முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? இதே மைதானத்தில். பெரிய தலைவர் வருகிறார் என்று பெண்களைக் காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து ஆடவிட்டிருந்தோம். எல்லோரும் தலைவர் முகம் அச்சடித்த கட்சித் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தலைவர் வந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்போதும் நாங்கள், “இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு” என்று கைதட்டினோம். கருவாட்டு வாசனையோடு ஒரு பெண் கூட்டத்திலிருந்து வெளியே வந்து மேடைக்கு நேராக நின்றார்.

“தலைவரே, காலு ரெண்டும் கழண்டு விழுது. இனிமே நீங்க எல்லாரும் எறங்கி வந்து ஆடுங்க. நாங்க கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில உக்காந்து பாக்கறோம். நல்லா ஆடினா கையும் தட்டறோம்.”

சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று! நான் சிரிக்கவில்லை. பதறிப்போனேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, “ஏம்மா, மானத்த வாங்கறியே, போய் உக்காரு” என்றேன். “எங்க உக்கார? எடத்தக் காட்டு” என்றார். காட்ட இடம் இல்லை. அன்றைக்கு என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் கூட்டம் முடியும்வரை நின்றேன். பதினெட்டு வருடமாக அந்த மாதிரியே நடந்துவந்திருக்கிறது நண்பர்களே. அவர் எதையாவது கேட்பார், நான் பதறுவேன், பிறகு அவர் கேட்டது நடக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உட்கட்சித் தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் எலூபி அமாயி. இன்னொரு பக்கம் மாவுமில் முதலாளி லெவிசன் அவர்கள். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார். வணக்கம் ஐயா. நம் வழக்கம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வேட்பாளர்கள் இருவரும் மைதானத்தின் கோல் கம்பம் பக்கம் நிற்பார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்கள் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். செயலாளர் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அந்தச் செயலாளர் நான்.

வரிசை கட்டச் சொன்னதும் பெண்கள் அமாயி பின்னால்தான் ஓடினார்கள். என் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வந்தார்கள்.

“ஏய், இங்க என்னடி பண்ற? புள்ளைங்களுக்குக் களி கிண்ட மாவு வேணாமா? அவர் மில்லுலதானே அரைக்கணும்?”

“நான் எங்க நின்னா உனக்கென்ன?”

“எனக்கென்னவா? ஊரே பாக்குது. வா இந்தப் பக்கம்.”

ஒவ்வொருத்தியாகக் கழன்று போனார்கள். அமாயி திரும்பிப் பார்க்கவே இல்லை. யார் போகிறார்கள் என்று தெரிந்துவிடக் கூடாதாம், பிற்பாடு சந்தையில் முகம் பார்த்துப் பேச வேண்டுமாம்! அப்படியொரு மனசு யாருக்கு வரும்? லெவிசன் ஐயாவுக்கு நூற்று அறுபத்து மூன்று. அமாயிக்கு நூற்று ஐம்பத்து நான்கு. ஒன்பது பேரில் போயிற்று.

மறுநாள் நான் ஆறுதல் சொல்லப் போனேன். கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். “யாரும் என்னை ஏமாத்தல, வைசன். எல்லாரும் பாக்கும்போது ஓட்டுப் போடுன்னா, பாக்கறவனுக்குத்தான் போடுவாங்க. ஒரு மறைப்பு வேணும். அவ்வளவுதான்” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த மறைப்பை அவர் எங்கே கண்டுபிடித்தார்! மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளிர் அணித் தலைவர் தேர்தல் வந்தது. தன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் புல்தட்டி போட்ட குளியல் மறைப்புக்குள் இரண்டு பானைகளை வைத்தார். ஒன்றில் தன் படம், மற்றதில் தன்னை எதிர்த்து நின்ற செலினாவின் படம். வாசலில் ஒருத்திக்கு ஒரு மக்காச்சோள மணி. உள்ளே போய்ப் பிடித்த பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். புருஷன்மார்கள் வழக்கம்போலப் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் தட்டிக்கு மேல் எட்டிப் பார்க்கப் போனார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இப்போது குனிந்துகொண்டிருக்கிறார். “ஐயோ, பொம்பளைங்க குளிக்கற எடத்த எட்டிப் பாக்கறான்!” என்று பெண்கள் போட்ட கூச்சலில் மனுஷன் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார்!

வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. விழுந்த மணி இருநூற்றுப் பன்னிரண்டு. செலினாவுக்கு நூற்றுப் பதினொன்று, அமாயிக்கு நூற்றொன்று. ஆம், தோற்றுப் போனார்! தன் வீட்டில், தன் பானையில், தன் பதவியைத் தோற்றார். அவரோ இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். “பாத்தியா வைசன்! என் வீட்டுக் களியத் தின்னுட்டு என்னையே கவுத்துட்டாளுங்க! பயமே இல்லாம கவுத்துட்டாளுங்க! வேலை செய்யுது, வைசன், வேலை செய்யுது!” செலினாவைக் கட்டிப்பிடித்துக் கொண்டார். செலினா அழுதார். அதோ இப்போதும் அழுகிறார்.

இதைத்தான் அவர் மாநாட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்சிச் சாசனம் எழுதும் குழுவில் நானும் இருந்தேன். எழுத்துரிமை, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, ஆண் பெண் சமத்துவம் என்று பெரிய பெரிய சொற்களாக எழுதிக்கொண்டு போனோம். அமாயி கேட்டது ஒரே வரி. கட்சிக்குள் நடக்கும் எந்தத் தேர்தலிலும் ஆணோ பெண்ணோ ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை வேறு எவரும் காணக் கூடாது. ஒரு மூத்தவர் துள்ளி எழுந்தார். “புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டிக்கு ஒரு ரகசியமா? குடும்பம் ஒடஞ்சிடும் அமாயி!”

“நீங்க கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க போறீங்கன்னு உங்க வீட்டுல இன்னிக்கி வரைக்கும் தெரியாது. குடும்பம் ஒடஞ்சா போச்சு?”

அந்த வரி பத்தொன்பதாம் பிரிவாக ஏறியது. மாநாட்டில் மூவாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் கசிங்வே அவர்களும் தட்டினார், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வருகிற சனிக்கிழமை மீண்டும் வேட்பாளர் தேர்தல். பத்தொன்பதாம் பிரிவு வந்த பிறகு நடக்கும் முதல் தேர்தல். நிற்க வேண்டியவர் எலூபி அமாயி. காய்ச்சல் என்று படுத்தவர் மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. அவர் இடத்தில் செலினா நிற்கிறார், எதிரில் லெவிசன் ஐயா. நேற்று என் கைக்கு வந்த தாள் இதுதான், சட்டைப் பையில் இருக்கிறது. மாகாண அலுவலகக் கடிதம், கீழே தலைவர் கசிங்வே அவர்களின் கையெழுத்து. வாக்குச்சீட்டு அச்சடிக்க அவகாசம் இல்லாத காரணத்தால் இம்முறை மட்டும் பழைய முறைப்படி வரிசையில் நிறுத்தி எண்ணவும் என்று எழுதியிருக்கிறது.

இம்முறை மட்டுமாம்! தேதியைப் பார்த்தேன். அமாயியைக் குழியில் இறக்கிய அதே நாள். அன்றைக்குக் கல்லறையில் எல்லோரையும் விட உரக்கப் பாடியவர் நீங்கள், தலைவரே. பாடிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டீர்களா, போட்டுவிட்டு வந்து பாடினீர்களா?

என்ன தலைவரே? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். “கம்வெண்டோ, இது இரங்கல் கூட்டம்யா, கட்சிக் கூட்டம் இல்ல” என்கிறார். ஆமாம் தலைவரே, இரங்கத்தான் வந்தேன். அமாயியை ஒரு முறை புதைத்தாகிவிட்டது. சனிக்கிழமை இன்னொரு முறை புதைக்க என் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறீர்கள். அதற்கு நான் இரங்க வேண்டாமா?

எனக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நினைப்பீர்கள். ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் அடக்கி வைத்தாயிற்று, இனி முடியாது.

அந்த வரிசை நாளன்று காலையில், வீட்டை விட்டுக் கிளம்புமுன் என் மனைவி டோரிக்காவிடம் சொன்னேன். “இன்னிக்கி எண்ணப் போறவன் நான். நீ எலூபி பின்னாடி நின்னா எம் மூஞ்சிய நான் எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது? லெவிசன் பக்கம் நில்லு.” அவளும் போய் நின்றாள். நான் தோள் தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன். எழுபத்தொன்பது, எண்பது. அடுத்த தோள் டோரிக்காவுடையது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “என்ன, சரியா நிக்கறேனா?” என்று கேட்டாள்.

எண்பத்தொன்று என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தோளுக்குப் போனேன்.

மற்ற ஆண்கள் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் செய்ததை நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அமாயிக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் ஒரு முறைகூட என்னால் சொல்ல முடியவில்லை. இனிமேல் சொல்லவும் வழியில்லை! அதுதான் நண்பர்களே என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

ஆகையால் கேளுங்கள். சனிக்கிழமை வரிசை கிடையாது. நான் எண்ண மாட்டேன். அச்சடிக்க அவகாசம் இல்லை என்கிறார்கள். அச்சு யாருக்கு வேண்டும்? இந்த ஊரில் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமா? பானைக்குப் பஞ்சமா? அமாயியின் தங்கையிடம் காலையிலேயே பேசிவிட்டேன். “அக்கா வீட்டுத் தட்டி அப்படியேதான் இருக்கு, வந்து போடுங்க” என்றார். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து அங்கேதான் தேர்தல். ஆண்களும் அங்கேதான். சிரிக்காதீர்கள்! லெவிசன் ஐயாவின் மில்லில் மூட்டை தூக்கும் தம்பிமார்களே, உங்களுக்கும் அந்தத் தட்டி வேண்டுமா வேண்டாமா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். லெவிசன் ஐயா, அந்தப் பானையில் நீங்கள் ஜெயித்தால் முதல் மாலை நான் போடுவேன். சத்தியமாகப் போடுவேன்.

என்னைப் பதவியிலிருந்து தூக்கலாம் தலைவரே. தாராளமாக. ஆனால் மாவட்டச் செயலாளரைத் தூக்க மாவட்டக் குழு கூட வேண்டும். குழு கூடப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். இன்று செவ்வாய். சனிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. முடிவுப் படிவத்தில் என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெயரும் தலைமைக்குப் போகாது. இதெல்லாம் நம் கட்சி விதிகள், நீங்களும் கைதட்டி நிறைவேற்றியவைதான்.

எலூபி அமாயி, உங்கள் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எனக்கு முன்னால் ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். நான் எட்டாவது ஆளாகச் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்கள் கொல்லையில் நிற்கிறேன், பாருங்கள்.

டோரிக்கா, நீ பின்னால் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரிகிறது. இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ முறை, “நெஜமா நீ யாருக்குப் போட்டிருப்ப?” என்று உன்னைக் கேட்டிருக்கிறேன். “நீதானே எண்ணின, உனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் எந்தப் பானையில் போட்டாய் என்று நான் கேட்பேன். என்னை எனக்குத் தெரியும், கேட்காமல் இருக்க மாட்டேன். கெஞ்சுவேன், கோபித்துக்கொள்வேன், சாப்பிடாமல்கூடப் படுப்பேன்.

சொல்லாதே.