இயற்கையான வழி

நாட்டுக்கோழி முட்டையை அவித்துத் தின்பதைவிட நெய்யில் அரைவேக்காடாகப் பொரித்துத் தின்பது நல்லது சார். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடக் கூடாது, சத்தெல்லாம் அதில்தான். காலையில் உங்கள் ஆட்கள் இட்லி வாங்கிக் கொடுத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் வெறும் மாவுப் பண்டமாகத் தின்றுகொண்டிருந்தால் ஆண்பிள்ளைக்கு டெஸ்டோஸ்டிரான் இறங்கிவிடும். எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சின்ன வயதுக்காரர்தான், அதற்குள் தொப்பை விழுந்திருக்கிறது. கவனிக்கச் சொல்லுங்கள்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. எங்கள் ஊர் வேம்புவும் முதலில் சிரித்தான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் பெயர் இராஜாங்கம், தாத்தாவின் பெயர். குடவாசலில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஊர் பக்கத்தில்தான், ஆற்றோரம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. என் மனைவி மங்களா அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொல்லாதவளிடம் என்ன செய்வது?

கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “ரெண்டு பேருக்குமே பெரிசா ஒண்ணுமில்ல. உங்களுக்கு டெஸ்டோஸ்டிரான் கொஞ்சம் கீழ்ப்பக்கமா இருக்கு, ஆனா நார்மல்தான். கவலைப்படாம நல்லாத் தூங்குங்க, போதும்” என்றார். நல்ல டாக்டர். ஆனால் ‘கீழ்ப்பக்கம்’ என்பதை மங்களாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. வரும்போது பஸ்ஸில் மங்களா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாள். அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. எனக்கு அந்தத் தோளே என்னுடையதில்லை போலிருந்தது.

அன்றிலிருந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஊசி, மாத்திரை வேண்டாம், இயற்கையாகவே ஏற்றலாம் என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் எவ்வளவு பேர் அதற்குக் கீழே கமெண்டில் வந்து அழுகிறார்கள் என்று நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. முருங்கைப்பூவைப் பாலில் காய்ச்சிக் குடித்தேன். அமுக்கராப் பொடி, பூனைக்காலி விதை. விடிவதற்கு முன் ஆற்றில் குளியல், பிறகு வெற்றுடம்போடு வெயில். பூச்சிமருந்து வாடை ஆகாது என்றார்கள், கடைக்குப் போவதைக் குறைத்தேன். பிளாஸ்டிக் ஆகாது என்றார்கள். வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் கொல்லையில் போட்டு மிதித்து உடைத்தேன்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தர்மாம்பாள் என்று பெயர், வாய் அதிகம் பேச மாட்டாள். அன்று மட்டும் கேட்டாள்: “ஏம்ப்பா, உங்கப்பா இதெல்லாம் பாத்துக்கிட்டா உன்னப் பெத்தாரு?”

அந்தக் கேள்விதான் சார் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. அப்பாவைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை.

தாத்தா காலத்தில் ஆற்றோரம் ஒரே தாக்காக, துண்டுபடாமல் எங்களுக்கு நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தது வேம்புவின் குடும்பம். குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் வேம்புவின் தாத்தா பதிந்துகொண்டார். அப்புறம் அவன் அப்பா வீரையன் காலத்தில் வயலில் விவசாயச் சங்கக் கொடி ஊன்றினார்கள், அறுப்பு நின்றது, போலீஸ் வந்தது. என் அப்பா அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டுத் தோற்றார். கடைசியில் அந்த நிலத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான், சாகும்வரை எழுந்திருக்கவில்லை. நான் அந்த வழக்கு முடிந்த மறுவருஷம் பிறந்தவன்.

ஜெயித்தால் டெஸ்டோஸ்டிரான் ஏறும், தோற்றால் இறங்கும். இது நான் சொல்வதில்லை, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். சண்டையில் தோற்ற குரங்குக்கு ரத்தத்தில் பாதிகூட இருப்பதில்லை என்று ஒரு வீடியோவில் கேட்டேன். அப்படியென்றால் அப்பாவுக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்? அதிலிருந்து எனக்கு என்ன வந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆக, நான் ஜெயிக்க வேண்டியிருந்தது. முட்டையும் முருங்கைப்பூவும் ஓரளவுக்குத்தான். வாலிபால் ஆடிப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பையன்கள் தோற்கடித்தார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போட்டு என்னைத்தான் இறக்கிவிட்டார்கள். ஒருநாள் மங்களாவிடமும் ஜெயித்துப் பார்த்தேன். அவள் எதிர்க்கவில்லை. எதிர்க்காதவரிடம் ஜெயிப்பது கணக்கில் சேராது. அவளுக்குப் பல் ஒன்று ஆடியது, டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டோம்.

ராத்திரியில் உரமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் சார். இதையும் எழுதிக்கொள்ளட்டும். கன்னத்தில் தாடி எங்கெங்கே சேரவில்லை என்று தடவித் தடவிப் பார்ப்பேன். வழியில் போகிற ஆண்களையெல்லாம் இவனுக்கு எவ்வளவு இருக்கும், அவனுக்கு எவ்வளவு இருக்கும் என்று பார்த்தபடியே போவேன். அப்படிப் பார்த்ததில் வேம்புவுக்குத்தான் அதிகம் என்று பட்டது. என்னைவிட இளையவன். நெஞ்சு அகலம், தோள் பட்டறைக் கல் மாதிரி. இரண்டு பெண் குழந்தைகள். எந்த முட்டையும் பொடியும் தின்றதில்லை.

மண்ணில் வெறுங்காலோடு பாடுபட்டால் ஏறும் என்று கேள்விப்பட்டு அவனிடமே போனேன். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சுண்ணே,” என்றான். “கல்யாணத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல லாட்ஜ் வைத்தியர்கிட்ட ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன். ஒரு டப்பா லேகியம் குடுத்தாரு. அதத் தின்னு வயிறு போனதுதான் மிச்சம். யாருகிட்டயும் சொன்னதில்ல, ஒங்ககிட்டதான் சொல்றேன்.”

“பொறகு எப்படிச் சரியாச்சு?”

“கெட்டிருந்தாத்தானேண்ணே சரியாவுறதுக்கு. வாங்க, மம்பட்டி இருக்கு. வரப்பச் செதுக்கிக் கழிப்போம்.”

அந்தச் சில மாதங்கள் நான் நன்றாக இருந்தேன். மறைக்கவில்லை. அவனோடு வரப்பு கழித்தேன், நாற்றுக்கட்டு சுமந்தேன். அவன் மனைவி அம்சம் கொண்டுவரும் கஞ்சியில் எனக்கும் ஒரு தூக்கு இருந்தது. ராத்திரி படுத்தால் விடியும்வரை தூக்கம். மங்களாகூட ஒருநாள், “இப்பல்லாம் மொகம் தெளிஞ்சிருக்குங்க” என்றாள். எந்த மண்ணில் நிற்கிறேன் என்று நான் நினைத்துப் பார்க்காத மாதங்கள் அவை.

ஆடிப்பெருக்கு அன்று அது முடிந்தது. ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. கரையில் பெண்கள் எல்லோரும் காப்பரிசியும் மஞ்சள் கயிறுமாக நின்றார்கள். அக்கரை போய் வரலாம் என்று நான்தான் வேம்புவைக் கூப்பிட்டேன். போகும்போது அவனுக்கு முன்னால்தான் போனேன். திரும்பும்போது நடு ஆற்றில் காலைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரைக் குடித்தேன். அவன் என் தலைமயிரைப் பிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது போல் கரைக்குக் கொண்டுவந்து போட்டான்.

“அண்ணனுக்குக் காலு இழுத்துக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல. தள்ளிப் போங்க, காத்து வரட்டும்,” என்று எல்லோரையும் விலக்கினான். என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தான். நல்லவன் சார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மங்களா ஊர் பார்க்க அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீ நல்லாயிருக்கணும் தம்பி. எனக்கு வாழ்க்கை குடுத்திருக்க” என்றாள்.

காப்பாற்றப்படுவதும் தோற்பதுதான். அந்த வாரமே கும்பகோணம் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். முன்னைவிட இறங்கியிருந்தது. மனசு சரியில்லாவிட்டாலும் தூக்கமில்லாவிட்டாலும் அப்படிக் காட்டும் என்றார் டாக்டரம்மா. நான் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எப்படி ஏற்றுவது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு அமைதி வந்தது. அதன்பிறகும் அவனோடு வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், அந்தக் கஞ்சியைத்தான் குடித்தேன்.

ஐப்பசி மழையில் வேம்பு மதகில் சிக்கிச் செத்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் வந்து பார்த்தீர்கள். விபத்து என்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அவன் இடுப்பில் கட்டி நான் பிடித்திருந்த கயிறு நழுவிவிட்டது என்றேன். வீரையன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, அந்த இழுப்புக்கு யாரால பிடிக்க முடியும்” என்று அழுதார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தோல் உரியவில்லையே, நல்லவேளை என்றார். அவர் வேறொன்றும் நினைக்கவில்லை.

காரியம் முடிந்தால் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். ஆனால் கருமாதிக்கு மறுநாள் டீக்கடையில் நான் உள்ளே இருப்பது தெரியாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். “வேற ஆளு யாராச்சும் புடிச்சிருந்தா பையன் பொழச்சிருப்பான். இவன் கையில போயி கயித்தக் குடுத்தானே. இவனுக்கு ஏது அந்த வலு.” வீட்டுக்கு வந்தேன். மங்களா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “மனசப் போட்டு வருத்திக்காதீங்க. ஒங்களால முடிஞ்சதுதான பண்ணுனீங்க” என்றாள்.

சாப்பிட முடியவில்லை சார். விடிந்ததும் புறப்பட்டு உங்களிடம் வந்துவிட்டேன். ஊரில் யாரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். விடாத மழை. ஊர் ஆட்களெல்லாம் கீழ்க்கரையில் உடைப்பை அடைக்கப் போயிருந்தார்கள். வேம்புவின் வயல் பக்கத்து வடிகால் மதகில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பயிர் மூழ்கினால் அவனுக்கு அந்த வருஷமே போய்விடும். எனக்குப் போன் போட்டான். “ஒரு கை குடுங்கண்ணே, வேற ஆளு இல்ல.” போனேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறுமுனையைப் பூவரச மரத்தில் கட்டிவிடட்டுமா என்று நானேதான் கேட்டேன். அவன்தான் வேண்டாம் என்றான். “இழுப்பு பாத்து விட்டு விட்டுப் புடிக்கணும்ணே. நீங்க புடிங்க, அதான் எனக்குத் தைரியம்.”

இறங்கினான். தழையை அறுத்து அறுத்துத் தள்ளினான். மதகு திடீரென்று வாயைத் திறந்தது போல் தண்ணீர் அவனை உள்ளே இழுத்தது. கயிறு முறுக்கேறி நின்றது. நான் குதிகாலைச் சேற்றில் ஊன்றிப் பிடித்தேன். பிடித்தேன் சார், இதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அவ்வளவு தண்ணீரும் அந்தப்பக்கம் இழுக்க, அந்த உடம்பை நான் ஒருவனே தாங்கிக்கொண்டு நின்றேன். இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வலுவை நான் உணர்ந்ததே இல்லை. இரண்டு எட்டு பின்னால் வைத்திருந்தால் அவன் கரையேறியிருப்பான்.

பிறகு கயிறு நழுவவில்லை. விரல்களை நானாகத்தான் விரித்தேன்.

இதில் நிலமோ சாதியோ எதுவும் இல்லை. அந்த நிலத்தைக் கொடுத்தால்கூட எனக்கு வேண்டாம். அவன் வீட்டுக் கஞ்சியைக் குடித்தவன் நான், எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. இது முழுக்க உடம்பு சம்பந்தப்பட்டது. டாக்டரம்மாவைக் கேட்டால் சொல்வார்.

விடுவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்து இரண்டு தடவை “அண்ணே” என்று கூப்பிட்டான். என் தாத்தாவை அவர்கள் வீட்டில் எல்லோரும் கைகட்டி நின்று வேறு மாதிரிதான் கூப்பிட்டார்கள். தண்ணீர் வாய்க்குள் போகும்போது அவன் இன்னொரு தடவை கத்தினான். ‘ஐயோ’ என்று கத்தியிருப்பான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவன் சொன்னது ‘ஐயா’.