எண் இல்லாத வாக்கியம்

உங்கள் அலுவலகத் தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. மரமிய்யா இலை இரண்டு போட்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். எங்கள் கணினி ஆய்வுக்கூடத்தில் தேநீர் போடும் உம் ஸுஹைல், அதாவது ஸுஹைலின் அம்மா, அப்படித்தான் போடுவாள்.

கேட்டதற்கு வருகிறேன். மூன்றாம் வகுப்புக் கணக்கை வாசித்து விடை சொல்லும் நிரல் ஒன்றை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘லைலாவிடம் ஒன்பது ஆரஞ்சு, நான்கைத் தம்பிக்குக் கொடுத்தாள், மீதி எத்தனை?’ அவ்வளவுதான். எங்கள் தலைவர் டாக்டர் ரிஃப்அத் அதை ‘அறிவின் இரண்டாம் விடியல்’ என்று அழைப்பிதழில் அச்சடித்தார். விடியலுக்கு ஒன்பதிலிருந்து நான்கைக் கழிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அழைப்பிதழில் என் பெயருக்கு இடம் போதவில்லையாம்.

நிரலின் உயிர் ஒரே விதியில் இருந்தது: எண் இல்லாத வாக்கியத்தைத் தள்ளிவிடு. ஆரஞ்சு இனித்ததா, லைலா அழுதாளா என்பதெல்லாம் விடைக்குத் தேவையில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரியாக வந்தது.

ஒத்திகையன்று தேநீர்த் தட்டோடு வந்த உம் ஸுஹைல் திரையை எட்டிப் பார்த்தாள்.

“வஸ்ஃபி, நானும் ஒண்ணு கேக்கட்டுமா? மேசையில நாலு பேரு. ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நானும் வந்து உக்காந்துட்டேன். இப்ப எத்தன பேரு?”

தட்டினேன். இரண்டு என்றது.

“அப்ப நான் யாரு மவனே, கெட்டிலா?”

கூடமே சிரித்தது. டாக்டரின் சிரிப்புதான் கடைசியில் ஓய்ந்தது.

“ரெண்டு வருஷம், வஸ்ஃபி. டீ போடுற அம்மா ரெண்டு நிமிஷத்துல கவுத்துட்டாங்க. வியாழக்கிழம மத்தியானம் எல்லாத்தையும் நானே அழிச்சிடறேன். நீ போயி நம்ம கூட வேல பாக்குற பையனோட நிச்சயதார்த்த விருந்துல மன்ஸஃப் சாப்பிடு.”

பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். “கோவமாப்பா? சும்மா வெளாட்டுக்குக் கேட்டேன்.” கோபமில்லை என்றேன். இன்றும் இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழன் மதியம் கூடத்தில் ஐந்து பேர். நான்கு பேர் விருந்துக்குக் கிளம்பினோம். வாசல் வரை போய் நான் மட்டும் திரும்பினேன்.

டாக்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். “என்னத்த மறந்துட்டுப் போன?” என்றார், திரும்பாமலே. அவர் மேசையில் பித்தளைப் பெயர்ப்பலகை இருக்கும். பட்டங்கள் மூன்று வரி, கனமும் அதற்கேற்ப. முதல் அடியில் விசைப்பலகைமேல் கவிழ்ந்தார். எட்டாவது அடியில் மண்டை நெகிழ்ந்துவிட்டது. ஒன்பதாவது தேவையில்லைதான். திரையில் அவர் நெற்றி அழுத்திய ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் உரைகளைவிடத் தெளிவாக இருந்தது.

ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டேன். கணப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தேன். இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன்.

படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது. டாக்டர் தட்டும் நிலையில் இல்லை.

“வஸ்ஃபி, தெறப்பா. நான் இருக்கேன்.”

கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். தட்டுவது மெல்லக் கீழே இறங்கி, தரையோரம் வந்து, நின்றது. சாவி அதுவரை என் கையில்தான் இருந்தது.

இரண்டு உடல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். கணக்கைச் சரியாக வாசியுங்கள், ஐயா. ஐந்து பேர், நான்கு பேர் போனோம், மீதி ஒருவர். அந்த ஒருவரை நான் கொன்றேன், மறுக்கவில்லை. உம் ஸுஹைல் உள்ளறையில் குவளை கழுவிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள்; தெரியும், அந்த அறைக் கதவைத் தாண்டும்போது பார்த்தேன். ஆனால் அந்த வாக்கியத்தில் எண் எதுவும் இல்லையே.