நெட்டு சரியில்லம்மா

…அதான் தம்பி நானும் கேக்குறேன், நூறு ஸ்பீடு நூறு ஸ்பீடுன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அந்த நூறு எங்க போவுது? வாசல்ல வந்தா ஒரு கோடு. அடுப்பங்கரையில அதுவும் கெடையாது. கூடத்துல உக்காந்தா சுத்துது, சுத்துது, சுத்திக்கினே இருக்குது. மாடிக்குப் போனா நல்லா வரும்னாரு எங்க வீட்டுக்காரரு. இந்த முட்டிய வெச்சிக்கினு நான் மாடி ஏறணுமா, சொல்லு. நெட்டு பொட்டி எங்கன்னுதான கேக்குற? காட்டுறேன், இரு. மொதல்ல கதைய கேளு.

எம் பொண்ணு மெர்லினு அயர்லாந்துல நர்சு. மாப்ளையும் அங்கதான். கல்யாணம் ஆயி மூணாம் வருசம் நடக்குது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா வீடியோ கால் பண்ணுவா, இப்ப பண்ணுற நேரந்தான். வாரத்துக்கு ஒரு வாட்டி அந்த மொகத்த பாக்குறதுதான் தம்பி எனக்கு. அத பாக்க உடுதா இந்த நெட்டு? கட்டம் கட்டமா வருது. மூக்கு ஒரு எடத்துல, வாயி ஒரு எடத்துல.

அதுலயும் ஒரு வெவரம் கேளு. சாப்டியா, தூங்குனியா, அங்க குளுரா… இதெல்லாம் பேசுற வரைக்கும் எப்படியோ இழுத்துப் புடிச்சி ஓடும். "ஏன்டி, விசேஷம் ஏதாச்சும் உண்டா"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டேன்னு வெய்யி, கரெக்டா அந்த எடத்துல கட்டாயிடும். "அம்மா, நெட்டு சரியில்லம்மா, அப்புறம் பேசுறேன்"னு சொல்லுவா, போச்சி. ஒரு வாட்டி இல்ல, வாரா வாரம். பெத்தவ கேக்காம பக்கத்து வீட்டுக்காரியா கேப்பா? பக்கத்து வீட்டுக்காரியுந்தான் கேக்குறா, அது வேற. நான் பதில் சொல்ல வேணாமா? இந்த நெட்டால எனக்கு ஒரு பதிலு வந்து சேரல தம்பி.

இதுக்காவ நான் என்னா பண்ணல? முருங்கமரம் மறைக்குதுன்னாங்க, வெட்டிட்டோம். காய்க்கிற மரம், வயிறு எரிஞ்சிச்சி. அடுத்த வீட்டு மார்ட்டின் நம்ம நெட்ட திருடுறான்னு ஒரு சந்தேகம். பாஸ்வேர்ட மாத்தி அவன் வீட்டு நாய் பேரையே வெச்சேன், அவன் எப்படி கண்டுபுடிப்பான்? பங்கு சாமியார் வீடு மந்திரிக்க வந்தப்ப, அந்த நெட்டு பொட்டி மேலயும் ரெண்டு சொட்டு தீர்த்தம் தெளிங்க ஃபாதர்னு கேட்டேன். கரண்டு பொருளும்மான்னுட்டாரு.

உனுக்கு முன்னாடி வந்த பையன், பொட்டிய வீட்டுக்கு நடுவுல, ஒசரத்துல வெக்கணும்னான். நடுவுலதான்பா இருக்குது. ஒசரத்துலதான்பா இருக்குது. வேணும்னா டேப்பு வெச்சி அளந்து பாரு.

ஒரே ஒரு அதிசயம் உண்டு. சொன்னா சிரிப்ப. ஒரு நா அவ போன் பண்றப்ப, வேளாங்கண்ணியில வாங்குன நீலப்பொடவைய எடுத்துக்கினு இருந்தேன். ஐயோ, படம் கண்ணாடி மாதிரி வந்துச்சி தம்பி. மாதா பொடவ ஆச்சே. சரின்னு அடுத்த வாரம் அதையே கட்டிக்கினு கூடத்துல உக்காந்தேன். வரல. எடுக்கும்போது வருது, கட்டினா வரல. அது என்னா கணக்கோ.

என்னா, ஒயரு புடிச்சிக்கினே போற? ஆங்… அதேதான், அந்த பீரோதான். இரு, சாவி எடுத்தாறேன். ஏன் தம்பி அப்படி பாக்குற?

பின்ன வெளியவா வெப்பாங்க? நீ எந்த ஊரு? பொம்மையார்பாளையமா… அங்க கடல் காத்து மட்டுந்தான், உப்பளத்துக் காத்து உனுக்குத் தெரியாது. நாங்க உப்பளத்த ஒட்டி இருக்குறவங்க. எங்க வீட்டுக்காரரு இராயப்பனுக்கு அளத்துலதான் பொழப்பு. இந்த உப்புக் காத்து திங்காத பொருளு இல்ல. ஜன்னல் கம்பிய தின்னுச்சி, ஃபிரிட்ஜு கால தின்னுச்சி. எங் கொழுந்தன் ஆல்பர்ட்டு வீட்டுல இதே பொட்டிய செவுத்துல மாட்டுனாங்க. ஒரே வருசம், ஒயரு சொருவுற பின்னெல்லாம் பச்சையா பூத்துப்போச்சி. அதான் நகையும் பத்திரமும் வெக்கிற எடத்துல இதையும் வெச்சேன். வெல்டிங்காரர கூப்ட்டு பீரோ முதுகுல ஓட்ட போட்டு, ஒயர உள்ள உட்டு, ரெண்டு கவர் சுத்தி, மேல் தட்டுல. பொடவையெல்லாம் கதகதன்னு இருக்குது, ஒரு பூச்சி வர்றதில்ல.

சிரி, சிரி. இரும்புல அடைபட்டு கெடந்தா சிக்னல் எப்படி வரும்னு கேக்குற. அப்ப பொடவ எடுக்கும்போது… கதவு தொறந்து… அட ஆண்டவரே. என் முருங்கமரம் போச்சே.

இரு, போன் அடிக்குது. மெர்லினுதான். தொறந்தே வெய்யி கதவ.

மெர்லினு… அடியே, தெளிவா தெரியிறடி. காதுல கம்மலு கூட தெரியுது. ஏன்டி இப்புடி எளச்சிட்ட? ஆமா, நெட்டு தம்பி வந்திருக்குது, சரி பண்ணிட்டாரு. இனிமே கட்டே ஆவாது. சாப்டியா… ம்… மாப்ள எங்க… ம்… ஏன்டி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத, விசேஷம் ஏதாச்சும்…

என்னா? கேக்கலயா? சுத்துதா? இங்க சுத்தலயேடி, எனக்கு நல்லா…

சரி. சரிம்மா. அப்புறம் பேசு.

வெச்சிட்டா.

நீயும் பாத்த இல்ல தம்பி? நாலு கோடும் இருந்துச்சி இல்ல? கேட்டதும் அந்தக் கண்ணு தளும்புச்சே, அத பாத்தியா? பேசுறப்ப கன்னத்த தொடச்சாளே. இத்தினி நாளும் கட்டம் கட்டமா வந்ததுல எனக்கு ஒன்னும் தெரியாம போச்சி. எத்தினி வாட்டி கேட்டுட்டேன்.

செவுத்துல மாட்டட்டுமாவா? வேணாம்பா. இருந்த எடத்துலயே வையி. ஸ்பீடு கெடையாதுன்னு எனக்கும் தெரியிது, நீ வையி. நீ பிரிச்ச கவர நல்லா சுத்து. நான் வாய வெச்சிக்கினு சும்மா இருக்கப் போறதில்ல, அடுத்த வாரமும் கேட்டுத்தான் தொலைப்பேன். அவளும் நெட்டு சரியில்லம்மான்னுதான் சொல்லுவா.

எம் பொண்ணு சொல்றது பொய்யா இருக்க வேணாம் தம்பி. கதவ சாத்து.