ஏகாம்பரத்தின் நகம்

மாப்பிள்ளை தம்பி, மாலை கனமா இருக்கா? கொஞ்சம் பொறுத்துக்குங்க. இலை போட இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகுமாம்... அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லி முடிச்சிடறேன்.

முன்னே ஒரு சமஸ்தானத்திலே ஏகாம்பரம்னு ஒரு வீணை வித்வான். அவர் சம்சாரம் மரகதவல்லியும் வீணைதான். அப்புறம் சண்டை எதிலே? வலது கையிலே. அவர் ரெண்டு விரல்லே நகம் வளர்த்து, நகத்தாலே மீட்டுவார். கணீர்னு கேக்கும். அந்த அம்மா நகத்தை ஒட்ட வெட்டிட்டு, விரல் சதையாலே மீட்டும். நாதம் மெத்துனு வரும்.

"இது என்ன வாசிப்பு? தலையணையைத் தட்டற மாதிரி. நகம் வளத்தா என்ன?" தினமும் இதே பேச்சு. அந்த அம்மா சிரிச்சிட்டுப் போயிடும்.

அரண்மனையிலே ஆஸ்தான வித்வான் இடம் காலி. மறுநாள் ராஜா முன்னாடி வாசிக்கணும். ஏகாம்பரத்துக்கு அது வாழ்நாள் ஆசைங்க. அன்னைக்கு மத்தியானம் பார்த்து சம்சாரம் கோயிலுக்குப் போயிருக்கு. இவருக்குப் பசி. சோறு இருக்கு, மோர் இருக்கு... ஊறுகாய் ஜாடி மூடி மட்டும் இறுகிக் கிடக்கு. கல்யாணமாகி பன்னிரண்டு வருஷத்திலே முதல் தடவையா சமையல்கட்டுக்குள்ளே போன மனுஷன், இடுக்கிலே நகத்தைக் குடுத்து நெம்பினார். திறந்துதா? இல்லை. ரெண்டு நகமும் போச்சு.

அந்த அம்மா வந்து பார்த்துச்சு. மெதுவா கேட்டுச்சு. "நான் ஏன் நகம் வளக்கலைன்னு கேட்டீங்களே... இந்த ஜாடியைத் தினமும் திறக்கிறது யாருங்க?"

அவர் ஜாடியை எடுத்து அந்த அம்மா கையிலே குடுத்தார்.

மறுநாள் சபை. ஏகாம்பரம் வீணையைத் தூக்கிட்டு வந்தார்... சம்சாரம் மடியிலே வச்சார். அந்த அம்மா வாசிச்சுது. சத்தம் கம்மிதான். ஆனா அதைக் கேக்கணும்னு, வெத்திலை போட்டவங்க மெல்றதையே நிறுத்திட்டாங்க. ஆஸ்தான இடம் அந்த அம்மாவுக்குன்னு ராஜா சொல்லிட்டார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார்.

"ஊரே பேசுற உங்க நகம் எங்கே?"

ஏகாம்பரம் கும்பிட்டார். "ஊறுகாய் ஜாடியிலே போச்சு மகாராஜா. பன்னிரண்டு வருஷம் முந்தியே போயிருக்கணும்."

கை தட்டறது இருக்கட்டும்... ஆம்பளைங்க எல்லாரும் அந்தக் கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. நகம் பளபளன்னு இருக்கா? அப்போ உங்க வீட்டு ஜாடியை வேற யாரோ திறக்கிறாங்கன்னு அர்த்தம். அவங்க வாசிப்பை நாம குறை சொல்லிட்டு இருக்கோம்னு அர்த்தம்.

மாப்பிள்ளை தம்பி, நாளைக்குக் காலையிலே உங்க வீட்டு முதல் ஜாடியை நீங்க திறங்க. ஆனா ஒண்ணு... ஸ்பூனாலே நெம்புங்க.